பிளக்ஸில் நிலாவுக்குப் போன மகனுக்கு

அப்பு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுக்கமாட்டாய் என்பது ஒரு காரணம். எடுத்தாலும், "சாப்டியா" என்று கேட்டுவிட்டு, இங்கே மழை இல்லை என்று சொல்லி வைத்துவிடுவேன் என்பது இன்னொரு காரணம். உன் அம்மா அடுத்த அறையில் இருக்கிறாள். உன் நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், வெஞ்சனம் வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. நான் பேப்பரை எடுத்து உட்கார்ந்ததும் யாருக்கு எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனாள். அதையே பெரிய சமாதானமாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் சுற்றி வளைத்து நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நீ வடக்கேயிருந்து நிச்சயதார்த்தத்துக்கு வந்து இறங்கியபோது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாலு சவுக்குக் கம்பில் உன் முகம் நின்றது. விண்வெளி வீரரின் வெள்ளை உடுப்பு, தலையில் ஹெல்மெட், அதன் கண்ணாடி மட்டும் திறந்திருந்தது. "மூடி வச்சா மாப்பிள்ளை மீசை தெரியாதுண்ணே" என்று பிளக்ஸ் அடிக்கிற செல்வம் யோசனை சொல்லியிருந்தான். உன் காலடியில் நிலா. மூலையில் நம் மலைக்கோட்டை, அதிலிருந்து புகை விட்டுக்கொண்டு கிளம்பும் ராக்கெட். 'விண்ணை ஆளப் புறப்பட்ட எங்கள் வீட்டுச் சிங்கமே' என்று மஞ்சள் எழுத்து. கீழே சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்களில். எல்லாரையும்விடப் பெரிதாக, கைகூப்பியபடி நான்.

நீ தோளில் பையோடு நின்று பார்த்தாய். "யாருப்பா இது?" என்றாய். நான் சிரித்தேன். செல்வம் ஆர்வக்கோளாறில் அடித்துவிட்டான் என்று பழியை அவன் தலையில் போட்டேன். அதுவும் பொய். வாசகம் என்னுடையது, கோட்டையும் என்னுடையது. மறுநாள் வடமதுரை மண்டபத்தில் உன் மாமனார் மைக்கைப் பிடித்து, "நிலாவுக்குப் போகப்போற மாப்பிள்ளை நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு" என்றார். சனம் கை தட்டியது. நீ என்னை மண்டபத்துக்குப் பின்னால், அண்டா கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகத்தான் பேசினாய். "நீங்களாப் போயி அவுககிட்ட உண்மையச் சொல்லணும்ப்பா. சொல்லாம நான் அந்தப் புள்ள கழுத்துல தாலி கட்ட மாட்டேன்." பந்தியில் உட்காராமலேயே பிற்பகல் ரயிலைப் பிடித்தாய். மாப்பிள்ளைக்கு அவசர அழைப்பு வந்துவிட்டது என்று அங்கேயும் ஒன்றை அவிழ்த்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவர், "ராக்கெட்டு கிளம்பப் போகுதோ" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன், அப்பு.

இது எங்கே தொடங்கியது என்று இப்போது யோசித்தால், நீ வேலையில் சேர்ந்து பேசிய முதல் போனில்தான். நான் கடையில் இருந்தேன். ஒரு குடும்பம் கடையிலிருந்த சேலைகளில் பாதியைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்புறம் வாரோம்" என்று எழுந்து போயிருந்தது. மலையாகக் கிடந்த சேலைகளுக்கு நடுவில் நின்று உன் குரலைக் கேட்டேன். மனிதனை விண்வெளிக்கு அனுப்புகிற திட்டத்தில்தான் வேலை என்றாய். நெஞ்சு நிமிர்ந்தது. "என்ன வேலைப்பா?" என்றேன். "பாராசூட் மடிக்கிறதுப்பா. கலம் திரும்பி வாரப்ப விரியுமே, அது" என்றாய். அதற்குப் பிறகும் நீ ஆசையாக என்னென்னவோ சொன்னாய். ஒருவர் மடிக்க இன்னொருவர் பார்க்க வேண்டுமாம், இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த மடிப்பாம், ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் அம்புட்டையும் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். மடிக்கிறது.

உனக்குத் தெரியும், நான் அந்த ஜவுளிக்கடையில் மீசை கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்தவன். சின்னாளபட்டி சுங்குடியும் பட்டும் பாலியஸ்டரும் என் கையில் புரண்டு போனதற்குக் கணக்கில்லை. விற்பது கொஞ்ச நேரம், மடிப்பது மிச்ச நேரமெல்லாம். ஒரு தீபாவளி நெரிசலில் நீ எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு வந்திருந்தாய். ஒரு அம்மா பிரித்த சேலையை என் பக்கம் வீசி, "மடிச்சு வைக்கத்தானே சம்பளம் வாங்குற" என்றது. நான் குனிந்து எடுத்தேன். நீயும் குனிந்து இன்னொரு முனையைப் பிடித்தாய், எனக்கு உதவ. உன் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். "இந்தத் துணியில நீ கை வைக்கவே கூடாது" என்றேன். உன் படிப்புக்கு நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான். அப்படி எஞ்சினியர் ஆக்கி அனுப்பிய மகன், ஊர் தாண்டிப் போய், துணி மடிக்கிறேன் என்கிறான். அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "எஞ்சின் பக்கம் வேலையாம்" என்றேன். பெற்ற மகனைப் பற்றிய முதல் பொய்யை அவன் தாயிடமே சொன்னேன்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள், எனக்கு ஒன்பது போதவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், "மகன் என்ன பண்றாரு?" ராக்கெட்டில் வேலை என்றேன். அது கொஞ்ச நாளில் ராக்கெட் ஓட்டப் பழகுகிறான் என்று வளர்ந்தது. பிறகு ராக்கெட்டில் போகப்போகிறான் என்றாயிற்று. முதலாளி முதல்முறையாக என்னை உட்கார வைத்துப் பேசினார். சேலையை வீசியவர்கள்கூடக் கையில் கொடுத்தார்கள். அந்த ருசி பொல்லாதது, அப்பு. செம்பட்டி தரகர் ஜாதகம் கேட்டு வந்தபோது வாயைக் கட்ட முடியவில்லை. வடமதுரையில் தென்னந்தோப்பும் கிணறும் உள்ள இடம், ஒரே பெண், படித்த பெண். ஜவுளிக்கடை ஆள் வீட்டுக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, உன்னைத் தூக்கி நிலாவில் வைத்தேன்.

பொய்யையும் சும்மா சொல்லவில்லை, படித்துச் சொன்னேன். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் திணறக்கூடாதே என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் விண்வெளிப் புத்தகங்களாக எடுத்துப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் நான் வேறு எங்கேயாவது இருந்திருப்பேன். மைசூர்ப் படைக்காரர்கள் இரும்புக் குழாயில் மருந்து அடைத்து வெள்ளைக்காரன் மேல் ஏவினார்கள், அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் நாட்டில் பெரிதாக்கினான் என்று படித்தேன். அந்தப் படை நம் மலைக்கோட்டையையும் கொஞ்ச காலம் வைத்திருந்தது. போதாதா எனக்கு? "ராக்கெட்டே நம்ம கோட்டையிலதாங்க பொறந்துச்சு" என்று கடையில் அடித்துவிட்டேன். புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. காது கேளாத ஒரு ருஷ்யப் பள்ளிக்கூட வாத்தியார், விண்ணுக்குப் போகிற கணக்கையெல்லாம் காகிதத்தில் போட்டுவிட்டு, அங்கே எதுவும் போவதைப் பார்க்காமலே செத்துப்போனார். அமெரிக்காவில் ஒருவர் தன் அத்தை தோட்டத்தில் சின்ன ராக்கெட் விட்டார், ஊர் சிரித்தது. ஒரு யுத்தத்தில் கைதிகளைக் கசக்கிப் பிழிந்து குண்டு சுமக்கும் ராக்கெட் செய்தார்கள், அதைச் செய்தவர்களே பிறகு நிலாவுக்கும் செய்தார்கள். நம் நாட்டில் கடற்கரைக் கிராமத்துத் தேவாலயத்தில் உட்கார்ந்து பாகங்களைப் பூட்டினார்கள், சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறுத்தத் தொடங்கியது. மேலே போவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், கீழே வருவது பற்றிக் கொஞ்சம்தான் இருக்கிறது. முதன்முதலில் பூமியைச் சுற்றிவர ஒரு நாயை அனுப்பினார்கள், திரும்பி வர வழியே வைக்காமல். தெருவில் திரிந்த நாய், கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போயிருக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை. முதலில் போன ருஷ்ய மனிதர் திரும்பியபோது, கலத்திலிருந்து தனியாகக் குதித்துப் பாராசூட்டில் ஒரு வயலில் இறங்கினார். கலத்துக்குள் உட்கார்ந்தபடியே இறங்கினால்தான் சாதனையாகச் சேரும் என்று ஒரு விதி இருந்ததாம். அதனால் அவர் அப்படித்தான் இறங்கினார் என்று அவ்வளவு பெரிய நாடே பல வருடம் சாதித்திருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், அவ்வளவு பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள், நான் எம்மாத்திரம் என்று. அப்புறம்தான் தோன்றியது. அந்த மனிதர் போனதும் உண்மை, உயிரோடு வந்ததும் உண்மை. துணியில் இறங்கியது கேவலம் என்று யாரோ நினைத்து, நடந்த நல்லதை மறைத்திருக்கிறார்கள். நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்?

அதற்கும் சில பக்கம் தள்ளி இன்னொரு மனிதர் இருந்தார். அவரும் அதே நாட்டுக்காரர்தான். மேலே கலத்தில் ஏதேதோ கெட்டுப்போயும், கையாலேயே திருப்பி, சரியாகப் பூமிக்குள் கொண்டுவந்துவிட்டார். கஷ்டமான வேலையெல்லாம் முடிந்தது. பெரிய பாராசூட் அதன் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. மாற்றுக்கு வைத்திருந்ததைத் திறந்தார், அது விரியாமல் சுருண்டுகொண்டது. அப்படியே தரையில் மோதினார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நீ போனில் சொன்ன இரண்டு கையெழுத்து அப்போதுதான் காதில் விழுந்தது, சொல்லிப் பல மாதம் கழித்து. போவது நெருப்பின் பாடு, வருவது துணியின் பாடு. அந்தத் துணி என் மகன் கையில் இருக்கிறது.

இனி எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது. அவர் கதையைப் படித்தபோது அந்தப் பிளக்ஸ் இன்னும் அடிக்கவில்லை. செல்வத்திடம் சொல்லி வைத்திருந்தேன், அவ்வளவுதான். எழுந்து போய் ஒரு வார்த்தை, "ஹெல்மெட்டு வேணாம்ப்பா, பாராசூட்டு போடு" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. உன் வேலை என்ன பெறும் என்று தெரிந்த பிறகும், ஊர் அதைக் கேட்டால் 'அப்பனைப் போலத்தான் பிள்ளையும்' என்று சொல்லும் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. தெரியாமல் செய்தேன் என்று நீ நினைத்து மன்னித்துவிடக் கூடாது. தெரிந்தே செய்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்று காலை வடமதுரைக்கு பஸ் ஏறினேன். கிளம்பும் முன் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எம்புள்ள வேலையச் சொல்ல வெக்கப்பட்டீக. இப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லிட்டு வாங்க" என்றாள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவள் பேசியது அது ஒன்றுதான். சம்பந்தி தங்கவேல் தோப்பில் தேங்காய் உரிக்கிறவர்களோடு இருந்தார். இளநீர் வெட்டச் சொன்னார். வேண்டாம் என்றேன், குடித்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று பயம். நின்றபடியே சொன்னேன்.

"மகன் மேல போகலை சம்பந்தி."

"தள்ளி வச்சுட்டாகளா?"

"இல்ல. எப்பவுமே போகலை. நான் சொன்னது பொய்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளிலேயே போட்டார். உரிக்கிறவர்களைச் செத்த நேரம் அந்தப் பக்கம் போகச் சொன்னார். "ஊர் முச்சூடும் சொல்லிப்புட்டேனேய்யா" என்றார். "எரியோட்டுல எம் மச்சான் வீட்டுல, கோயில்ல, எங்க போனாலும் மாப்பிள்ளை பேச்சுத்தான். இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்?" நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு நம் மருமகளாகப் போகும் சுகந்தி வந்துவிட்டது. பின்னாலேயே அதன் அம்மா. "மாமா, நெசமாவே அவுக போகலையா?" என்று கேட்டது. "இல்லத்தா" என்றேன். அந்தப் பெண் அப்படியே மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டது. ஏமாந்துவிட்டோமே என்று அழுகிறது என நினைத்தேன். அதன் அம்மாதான் சொன்னார்கள், நிச்சயம் முடிந்ததிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லையாம். போனில் எதையோ பார்த்திருக்கிறது, திரும்பி வரும்போது வானத்திலேயே சிதறிப்போன கலம், அதில் நம் நாட்டில் பிறந்த பெண்ணும் இருந்தாள். "போனவுக எல்லாரும் வரலையே மாமா" என்றது சுகந்தி. "இந்தக் கல்யாணம் வேணாம்னு அப்பாகிட்டச் சொல்லிப்புடலாம்னு இருந்தேன்." கேட்டாயா? எந்தப் பொய்யை நம்பி இந்தச் சம்பந்தத்தைக் கட்டினேனோ, அந்தப் பொய்யே அதை அவிழ்க்க இருந்திருக்கிறது.

பிறகு அது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது, "அப்ப என்ன வேலைதான் பாக்குறாக?" நம்பமாட்டாய், போகவில்லை என்று சொல்வதைவிட இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என் வெட்கம். "பாராசூட் மடிக்கிறான்த்தா" என்றேன். சொல்லிவிட்டு, பாராசூட் விரியாமல் மோதிய அந்த ருஷ்யாக்காரர் கதையைச் சொன்னேன். நீ சொன்ன கையெழுத்தைச் சொன்னேன். நிலாவிலிருந்து திரும்பிய மூன்று பேருக்கு மூன்று பாராசூட்டில் ஒன்று சுருங்கி, மிச்ச இரண்டை வைத்துக் கடலில் பத்திரமாக இறங்கியதைச் சொன்னேன். பொய்க்காகப் படித்ததெல்லாம் அங்கேதான் முதல்முறையாக உண்மைக்கு உதவியது. சுகந்தி முழுவதையும் கேட்டது. கடைசியில் என்னைப் பார்த்து, "இதையா மறைச்சீக?" என்றது. அதட்டலாகக்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டது. என் ஆயுசுக்கும் அந்த ஒரு கேள்வி போதும்.

சம்பந்தி என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். "மாப்பிள்ளை மேல ஒரு வருத்தமும் இல்ல. உங்க மேல கோவம் இருக்கு, அது போக நாளாகும்" என்றார். "நான் மைக்குல சொன்னது. நீங்க மைக்குலதான் அதை எறக்கணும். கல்யாணத்தன்னைக்கு, அம்புட்டுப் பேரு முன்னாடியும்." சரி என்றேன். நியாயம்தானே. திண்டுக்கல் வந்து இறங்கி நேராகப் பிளக்ஸிடம் போனேன். இருட்டட்டும் என்று மனசு சொன்னது, அதைக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு முழுக்க ஆள் இருக்கும் நேரத்தில் ஏறி, கயிற்றை அறுத்து இறக்கினேன். டீக்கடையிலிருந்து ஒருவர், "என்னண்ணே, மகன் போயிட்டு வந்துட்டாரா?" என்று கேட்டார். சிரித்தார்கள். சிரிக்கட்டும், நான் சம்பாதித்த சிரிப்பு. அந்தப் பிளக்ஸ் மடிக்கவும் வரவில்லை, விறைத்துக்கொண்டு முறுக்கியது. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் புத்தி போகாது, ஒன்றே ஒன்று. உன் வேலையில் எதுவும் சரியில்லை என்று பட்டால் சுகந்தியிடம் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு மடிப்பில் சந்தேகம் வந்தால் அம்புட்டையும் பிரிப்போம் என்றாயே, வீட்டிலும் அப்படியே இரு. நான் பிரிக்காமல் மேலே மேலே மடித்துக்கொண்டே போனேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, உனக்கு உதவ ஒரு முனையைப் பிடித்தால், அந்தக் கையை அடிக்காதே.

இன்று காலை கடையில், வழக்கமாக வரும் ஒரு அம்மா கேட்டார்கள், "மகன் எப்ப மேல போறாரு?" கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தேன். "அவன் போகலைம்மா. போறவுக எறங்கி வர்ற பாராசூட்டை மடிக்கிறான்" என்றேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா நான் வைத்த சேலையைப் பார்த்துவிட்டு, "மடிக்கிற வேலையா? உங்களைப் போலவா?" என்றார்கள். இத்தனை நாளும் எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடினேனோ அதே கேள்வி. காது சுட்டது. "ஆமாம்மா, என்னையப் போல" என்றேன். பிறகு விட்ட இடத்திலிருந்து மடிக்கத் தொடங்கினேன்.

கல்யாணத்துக்கு வா, அப்பு. சுகந்தி உனக்குப் போன் செய்யும், எடு. முகூர்த்தச் சேலையை நானே மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன், முந்தி வெளியே தெரிய, பார்டரோடு பார்டர் சேர. இந்த வருசமெல்லாம் நான் மடித்ததை யாரும் சரி பார்த்ததில்லை. நீ வந்து பிரித்துப் பார். எங்காவது தப்பிருந்தால் சொல், இரண்டு பேருமாக ஆளுக்கொரு முனை பிடித்து முதலிலிருந்து மடிப்போம்.

உன் அப்பா